வள்ளம் இல்லாத மேற்கட்டி

என் இடுப்புக்கு ஒரு கெட்ட குணம். வீட்டில் சும்மா இருக்கும் நாளில் பிடித்துக்கொள்ளாது. பொதியும் சுமையுமாக, உச்சி வெய்யிலில், நடுத் தெருவில்தான் பிடித்துக்கொள்ளும். அன்றைக்கும் அப்படித்தான். கொண்டச்சிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு நான் தைத்த வெள்ளைச் சட்டைகளைக் கொடுத்துவிட்டு, ஓட்டோவில் பள்ளிமுனைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். அந்த ஓட்டோக்காரர் குழி பார்த்து ஓட்டுகிற ஆளில்லை, குழியைத் தேடிப்போய் விழுத்துகிற ஆள். ஒரு குழியில் விழுந்து எழும்பியதும் யாரோ என் இடுப்பில் ஊசியை முழுதாக ஏற்றியதுபோல் இருந்தது. தையல்காரிக்கு ஊசிதானே ஞாபகம் வரும்.

"நிப்பாட்டுங்கோ! ஒரு மனிசியைக் கொன்றுபோட்டுத்தான் ஊர் போய்ச் சேரப்போறீங்களோ?" என்று கத்தினேன்.

அவர் நிறுத்திய இடத்தில் ஒரு தேத்தண்ணிக் கடை இருந்தது. தகரக் கூரை, வாசலில் ஒரு மேசை, உள்ளே சுவரோடு ஆள் படுக்கும் நீளத்துக்கு இரண்டு வாங்குப் பலகை, கண்ணாடிப் பெட்டிக்குள் நாலைந்து வடை. கடைக்காரி ஓடி வந்தாள். என்னைவிட வயது குறைந்தவள், மெல்லிய ஆள், ஆனால் என்னைக் கையில் தாங்கி இறக்கிய விதத்தைப் பார்த்தால் ஆட்களைத் தூக்கிப் பழகியவள் என்று தெரிந்தது.

"மல்லாக்கப் படுங்கோ அக்கா. இடுப்புப் பிடிப்புக்கு வாங்குதான் மருந்து."

"ஆம்பிளையள் வந்துபோற இடத்தில நான் மல்லாக்கப் படுக்கிறதோ? நல்ல வடிவாத்தான் இருக்கும்."

"இந்த வெய்யிலுக்கு ஆர் வரப்போகினம்? நீங்கள் படுங்கோ."

படுத்தேன். வேறென்ன செய்வது, நிற்கவும் ஏலாது, இருக்கவும் ஏலாது. ஓட்டோக்காரர் வெளியே வடை தின்னப் போய்விட்டார். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு, அவரையும் குழியையும் தெருப் போட்டவர்களையும் மனதுக்குள் திட்டிக்கொண்டு கிடந்தேன்.

தகரத்துக்குக் கீழே மேற்கட்டி கட்டியிருந்தார்கள். வெக்கைக்குத் துணி கட்டுவது எல்லாக் கடையிலும் உள்ளதுதான். உள்ளே வரும்போது அதைக் கண்டேன், பழந்துணி ஒட்டுப்போட்டது என்று நினைத்தேன். படுத்துப் பார்க்கத்தான் அது வேறாகத் தெரிந்தது.

மேலே மீன் போனது. சூடைக் கூட்டம் ஒன்று, எல்லாம் வயிற்றுப் பக்கம், கோதுமை மாச் சாக்கில் வெட்டிய வெள்ளை வயிறுகள். ஓர் ஆமை, கால்களைப் பரப்பிக்கொண்டு, பழைய குடைத்துணியில். ஒரு மூலையில் சூரியன். பிஸ்கட் சுற்றி வருகிற வெள்ளித் தாளைத் துண்டு துண்டாகக் கத்தரித்துச் சேர்த்திருந்தார்கள். முழு வட்டமாக இல்லை, உடைந்து ஆடிக்கொண்டிருந்தது. நீலம் மட்டும் எத்தனை நீலம்! சாரத்து நீலம், சேட்டு நீலம், சட்டை உள்ளுக்குப் போடுகிற லைனிங் துணியின் நீலம், அதற்கு மேல் கொசுவலையை இழுத்துப் பிடித்து ஒரு மங்கல். கீழேயிருந்து மேலே சேட்டுப் பொத்தான்கள் வரிசையாக ஏறின. கீழே பொட்டுப்போல் சின்னது, போகப் போகப் பெரிது, மேலே கோட்டுப் பொத்தான் அளவு.

நான் பிறந்ததிலிருந்து கடலை மேலே நின்று பார்க்கிறவள். அந்த வாங்கில் கிடந்தபோது நான் கடலுக்கு அடியில் கிடந்தேன். மூச்சை அடக்கிக்கொண்டுதான் பார்த்தேன், மெய்யாகச் சொல்கிறேன்.

"தலையைக் கொஞ்சம் இஞ்சால வையுங்கோ அக்கா. அங்கயிருந்து பாத்தால் திருக்கையின்ர வாய் தெரியாது."

"அந்தோனியாரே!" என்று அலறிவிட்டேன். வாங்கின் தலைமாட்டில் ஒரு சீலை தொங்கியது. அதற்குப் பின்னாலிருந்து ஓர் ஆணின் குரல். ஒரு தடி வந்து சீலையை ஒதுக்கியது. கட்டிலில் ஒருவர் படுத்திருந்தார். தோளும் நெஞ்சும் கடற்றொழில் செய்த ஆளுடையவை. இடுப்புக்குக் கீழே ஒரு போர்வை, அதற்குள் இரண்டு கால் இருப்பதே தெரியவில்லை, அவ்வளவு மெலிந்திருந்தன.

"பயந்திட்டீங்களோ?" என்றார். "இஞ்ச வந்து படுத்த முதல் ஆள் நீங்கள்தான். மற்றவையெல்லாம் குந்தியிருந்து குடிச்சிட்டு, இதென்ன கிழிசல் எண்டு கேட்டுட்டுப் போவினம்."

நானும் அப்படித்தான் நினைத்தேன் என்று சொல்லவில்லை. தலையை நகர்த்தினேன். திருக்கை தெரிந்தது. அதன் வாய் அடிப்பக்கத்தில் இருக்கிறதல்லவா, அது சிரிக்கிறமாதிரி ஒரு சிவப்பு நூலில். எனக்கும் சிரிப்பு வந்தது, இடுப்பு வலித்தது.

"ஆர் தைச்சது?"

"அந்தா, தேத்தண்ணி ஆத்துறா. நான் சொல்லச் சொல்லத் தைச்சது. முழங்கால் தண்ணிக்கு மேல கடலில இறங்காத மனிசி. சொல்லி விளங்கப்படுத்த நான் பட்டபாடு!"

"நீங்கள் பட்டபாடோ?" கடைக்காரி திரும்பிப் பார்த்தாள். "அக்கா, இந்தப் பொத்தானை எத்தனைதரம் பிரிச்சுத் தைச்சனான் எண்டு கேளுங்கோ. கீழ பெரிசு வைச்சன். இல்லையாம், காத்துக்குமிழ் மேல போகப் போகத்தான் பெரிசாகுமாம். எனக்கென்ன தெரியும், நான் குமிழைக் கண்டது சோடாப் போத்தலுக்குள்ள."

அவர் சிலிண்டர் கட்டி ஆழத்தில் இறங்கிச் சங்கு எடுத்தவர். ஒரு நாள் கீழேயிருந்து கெதியாக மேலே வந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. ஆழத்திலிருந்து மெல்ல மெல்லத்தான் ஏற வேண்டும், ஒரேயடியாக ஏறினால் உடம்புக்குள் காற்று நுரைத்து நரம்பைத் தாக்கிவிடும். எங்கள் கரையில் இப்படி விழுந்தவர்கள் வேறும் இருக்கிறார்கள். பகல் முழுக்கக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிற மனிதருக்குத் தகரத்தைக் காட்டாமல் கடலைக் காட்டலாம் என்று மனைவிக்குத் தோன்றியிருக்கிறது. வீட்டில் தனியே விட மனமில்லாமல், விடிந்ததும் அவரைக் கடைக்குக் கொண்டுவந்துவிடுவாள்.

தையல் என்று பார்த்தால் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. வலை பொத்துகிற நைலோன் நூல். ஓரம் மடிக்கவில்லை. என்னிடம் தையல் பழகுகிற பெட்டை இப்படித் தைத்திருந்தால் பிரித்துக்கொண்டு வா என்று முகத்தில் எறிந்திருப்பேன். அங்கே எனக்கு வாய் வரவில்லை. ஆனால் வேறொன்றுக்கு வாய் வந்தது. என் வாய் சும்மா கிடக்காதே.

மேற்கட்டியின் நடுவே ஓர் இடம் வெறும் நீலமாக இருந்தது. மீனுமில்லை, குமிழுமில்லை. ஒரு மூலையிலிருந்து உண்மையான கயிறு ஒன்று, மெல்லியது, தைத்துத் தைத்துப் போய் அந்த வெறும் இடத்தின் ஓரத்தில் நின்றுவிட்டது. நுனி பிரிந்து தொங்கியது.

"கயிறு போகுது, வள்ளத்தைக் காணேல்லையே? அடியிலயிருந்து பாத்தால் முதல்ல வள்ளத்தின்ர அடிதானே தெரியவேணும்?" என்றேன்.

தடி வந்து சீலையை இழுத்து மூடியது. கடைக்காரி தேத்தண்ணியை என் கையில் தந்துவிட்டு வெளியே போனாள். பள்ளிமுனையில் பிறந்து வளர்ந்து, கடலில் விழுந்தவரிடம் வள்ளத்தைப் பற்றிக் கேட்கலாமா என்றுகூட யோசிக்காமல் கேட்டுவிட்டேனே என்று என் தலையில் நானே குட்டிக்கொண்டேன்.

நான் ஒருமாதிரி எழும்பி வெளியே வந்தபோது அவள் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள்.

"கோவிக்காதேங்கோ அக்கா. அதை மட்டும் அவரிட்டக் கேக்க ஏலாது. அந்த வள்ளம் என்ர அண்ணாவின்ர. அண்டைக்கு மேலயிருந்து கயிறு பிடிச்சதும் அவர்தான். இழுத்து எடுத்ததும் அவர்தான். ஆசுப்பத்திரிக்கு ஒருக்கா வந்தார், வாசலோட திரும்பிப் போனவர். பிறகு ஊரை விட்டே போட்டார். இந்தக் கடை வாசல் மிதிக்கேல்ல. போன் எடுத்தால் வெட்டுவார். வள்ளத்தைத் தைப்பம் எண்டு எத்தனைதரம் கேட்டிட்டன், இவரும் ஓம் எண்டுறாரில்லை. நான் ரெண்டு பேருக்கும் நடுவில கிடந்து மாயிறன்." கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள். "எனக்கு வள்ளம் வேண்டாம் அக்கா. என்ர அண்ணா இந்தப் படியில ஒருக்காக் கால் வைச்சால் போதும்."

அண்ணா இப்போது எங்கே என்று கேட்டேன். பள்ளிமுனை என்றாள். பெயரைச் சொன்னதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருடைய மகள் கோயிலில் முதல் நன்மை வாங்கும்போது போட்ட சட்டையைத் தைத்தது நான்தான். அப்படிச் சின்ன ஊர் எங்களுடையது, யாரைத் தட்டினாலும் தெரிந்த கதவுதான் திறக்கும்.

வீட்டுக்கு வந்து எண்ணெய் பூசிப் படுத்தேன். என் வீட்டு ஓடு வெறும் ஓடாகக் கிடந்தது. அந்த மனுசி "படியில ஒருக்காக் கால் வைச்சால்" என்று சொன்னது காதை விட்டுப் போகவில்லை. எனக்கும் ஒரு தம்பி இருக்கிறான், கனடாவில். மாதம் ஒருதரம் கதைக்காவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. இங்கே இருபது மைலுக்குள் இருந்துகொண்டு இப்படியா? எனக்குக் கோபம் வந்தது.

இடுப்பு கொஞ்சம் நிமிர்ந்ததும் அவரைத் தேடிப் போனேன். கடலுக்குப் போவதை விட்டுவிட்டு, கரையில் மீன் பெட்டிகளுக்கு ஐஸ் உடைத்துப் போடுகிற வேலை செய்தார். நல்ல உயரமான ஆள், என்னைக் கண்டதும் கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு வந்தார்.

"என்னக்கா, சட்டைக் காசு ஏதும் மிச்சமோ?"

"சட்டையும் இல்லை, காசும் இல்லை. உம்மடை தங்கச்சியின்ர கடையில தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன்."

முகம் விழுந்துவிட்டது. ஐஸ் உடைக்கிற கட்டையை எடுத்தார், திரும்ப வைத்தார்.

"நல்லா இருக்கினமோ?"

"போய்ப் பாரும். உமக்குக் கால் இருக்குத்தானே?"

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் அந்தச் சொல்தான் அவரைத் திறந்தது. ஐஸ் பெட்டியில் குந்திவிட்டார்.

"எந்த முகத்தோட அக்கா போறது? எங்கடை கயிற்றுக் கணக்கு உங்களுக்குத் தெரியும்தானே. ஒருக்கா இழுத்தால் பை நிரம்பிட்டுது, பையைத் தூக்கு. விடாமல் ஆட்டினால் ஆபத்து, என்னைத் தூக்கு. அண்டைக்குக் கயிறு விடாமல் ஆடினது. என்ர கையில ஆடினது. நான் மாதாவே எண்டு வலிச்சு இழுத்தன், நடுவில நிப்பாட்டேல்ல. சுறாவோ என்னவோ எண்டு பயந்திட்டன். மேல வந்தவன் கண்ணாடியைக் கழட்டிப்போட்டுக் கேட்டது ஒரே ஒரு கேள்வி. 'ஏன்ரா இழுத்தனி?' எண்டான். அவ்வளவுதான். பிறகு கால் விளங்கேல்ல."

"அப்ப?"

"அப்ப கயிறு ஆடினதோ, இல்லையோ? ஆடாத கயிற்றை ஆடினதெண்டு நினைச்சு, நல்லா இருந்த மனிசனை நான்தான் முடமாக்கினனோ? கையைப் பாத்துப் பாத்துக் கேக்கிறன் அக்கா. கை சொல்லுதில்லை."

ஏச வந்த எனக்குக் கண் கலங்கிவிட்டது. கரையில் ஆட்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "சரி, மூக்கைத் துடையும்" என்றேன்.

வா என்றால் வரமாட்டார் என்று விளங்கிவிட்டது. அதனால் ஒரு வேலை செய்தேன். கொண்டச்சிப் பள்ளிக்கூடத்துக்கு மிச்சச் சட்டைகள் போகவேண்டியிருந்தது. சனிக்கிழமை அதே ஓட்டோவைப் பிடித்து அவருடைய வாசலில் நிறுத்தினேன். இடுப்புப் பிடிப்பு, பொதி தூக்க ஆளில்லை, ஒரு உதவி செய்யும் என்றேன். பொய்யில்லை, என் இடுப்பைக் கேட்டால் அதுவும் சாட்சி சொல்லும். நல்ல மனிதர், மறுக்கத் தெரியாது. ஏறினார். பாலம் தாண்டும்வரைக்கும் சிரித்துக் கதைத்துக்கொண்டு வந்தவர், வங்காலை ஊர் கழிய மெல்ல மெல்லப் பேச்சு நின்று, கடை தெரிந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அக்கா, இது சரியில்லை."

"எனக்கும் தெரியும். இறங்கும்."

இறங்கவில்லை. ஓட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு இருந்தார். கடைக்காரி வாசலுக்கு வந்தாள், கண்டாள், வாயில் கை வைத்தபடி நின்றாள். ஓடி வரவும் பயம், வந்தால் ஓட்டோ திரும்பிவிடுமோ என்று. நான் கெஞ்சினேன், ஏசினேன், உம்மைப்போல் ஒரு கல்லை நான் கண்டதில்லை என்றேன். ஓட்டோக்காரர்கூட "இறங்குங்கோவன் அண்ணை, வெக்கை கொல்லுது" என்றார். மனிதர் அசையவில்லை.

"ஆர் வெளியில?" உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அண்ணா வந்திருக்கிறார்," என்றாள் கடைக்காரி. கட்டில் சத்தம் கேட்டது.  பிறகு அதே குரல், கொஞ்சம் உரத்து:

"மச்சான், வள்ளத்துக்கு அடியில என்ன நிறம் அடிச்சனி?"

ஓட்டோக்குள் இருந்தவர் கம்பியிலிருந்து கையை எடுத்தார்.

"பச்சை," என்றார், எங்களுக்கே கேட்காத குரலில்.

"என்ன?"

"பச்சை!"

"பொய் சொல்லாத. நீலம்."

"என்ன நீலம்? இலைப்பச்சை. நானே வாங்கி நானே அடிச்சது."

"நான் அதுக்குக் கீழயே கிடந்தவன். எனக்குத் தெரியாதோ? நீலம்."

"அடிச்சவன் நான் சொல்லுறன் பச்சை எண்டு, பாத்தவன் நீ சொல்லுறாய் நீலம் எண்டு! உனக்குக் கண்ணும் போட்டுதோ?" என்று கத்திக்கொண்டு இறங்கினார். இறங்கினதை அவரே கவனிக்கவில்லை. விறுவிறுவென்று போய்ப் படியில் கால் வைத்து, வாசலில் தலை குனிந்து உள்ளே நுழைந்துவிட்டார். கடைக்காரி அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். எனக்கும் பிடிக்க ஏதாவது வேண்டியிருந்தது.

உள்ளே சத்தம் அடங்கிவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் வாசலில் நின்று எட்டிப் பார்த்தோம். சீலை ஒதுங்கியிருந்தது. அண்ணா கட்டிலருகே நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார். ஆமையைப் பார்த்தார், பொத்தான்களைப் பார்த்தார், பிறகு அந்தக் கயிற்றில் கண் வைத்து, அது போகிற வழியே போய், நடுவில் உள்ள வெறும் நீலத்துக்கு வந்து நின்றார்.

"வள்ளத்தை ஏன் விட்டனி?" என்றார்.

"அது உன்ர வள்ளம். நீ வந்து சொன்னால்தானே தைக்கலாம். உன்ர தங்கச்சி தன்ர பாட்டுக்குத் தோணி மாதிரி ஒண்டைத் தைச்சு வைப்பாள்."

கடைக்காரி என் கையை இறுக்கிப் பிடித்தாள். இத்தனை காலமும் தன் மனிசனின் வெறுப்பு என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தது வெறுப்பே அல்ல.

அண்ணா கை இரண்டையும் விரித்துத் தன் மச்சானுக்கு முன் நீட்டினார். ஐஸ் உடைத்து வெடித்த கைகள்.

"ஒண்டு மட்டும் சொல்லு. அண்டைக்குக் கயிறு ஆடினதோ, இல்லையோ?"

படுத்திருந்தவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். பிறகு திரும்பி அந்தக் கைகளைப் பார்த்தார்.

"ஆடினது."

"மெய்யாவோ?"

"நான்தான் ஆட்டினனான். கடலடியில ஒரு கிடங்குப் பள்ளம், மச்சான், நிறையச் சங்கு. வாழ்க்கையில அப்பிடிக் கண்டதில்லை. பையைத் தூக்கு எண்டு ஒருக்கா இழுக்கத்தான் கயிற்றைப் பிடிச்சனான். சந்தோசத்தில விடாமல் ஆட்டிப்போட்டன். சின்னப்பிள்ளை மாதிரி. நீ ஏன் இழுத்தனி எண்டு அப்ப எனக்கே விளங்கேல்ல. ஆசுப்பத்திரியில கிடந்து யோசிக்கத்தான் விளங்கினது. உன்ர கை சரியாத்தான் பிடிச்சது. பிழை என்ர கையில."

அண்ணா கட்டில் விளிம்பில் இருந்துவிட்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரா என்று பார்த்தேன். அழுகைதான், ஆனால் அதற்குள் கோபமும் இருந்தது. மச்சானின் தோளில் ஓங்கி ஒரு குத்து விட்டார்.

"பேய்ப்பயலே! இதை நீ எனக்கு ஏன்ரா இவ்வளவு காலமும் சொல்லேல்ல?"

"நீ வந்தாத்தானே சொல்லுறது," என்றார் அவர்.